எவ்வளவு நீலம் வரை

மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத சின்ன அறை ஒன்று உண்டு. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர்க் குடுவை, அழுதால் துடைத்துக்கொள்ள ஒரு காகிதப் பெட்டி. அந்த அறையில் உட்கார்ந்து இருபத்து மூன்று வருடம் ஒரே கேள்வியைக் கேட்டுச் சம்பளம் வாங்கியவள் அவள். நோயாளிகள் அவளை வட்டக்காரம்மா என்று கூப்பிட்டார்கள். ஆராய்ச்சிப் பிரிவுச் சம்பளப் பட்டியலில் வேறு ஒரு நீளமான பதவிப் பெயர் இருந்தது. அது அவளுக்கே முழுதாக வாயில் நுழையாது.

அந்த வட்டம் சாப்பாட்டுத் தட்டு அளவில் இருக்கும். மஞ்சள் அட்டை ஒன்று, நீல அட்டை ஒன்று. இரண்டையும் நடுவரை கீறி ஒன்றுக்குள் ஒன்றைச் செருகியிருக்கும். திருப்பினால் நீலம் வளரும், மஞ்சள் தேயும். நூற்றுக்கு எத்தனை என்கிற எண் பின்பக்கம் அவளுக்கு மட்டும் தெரியும்.

"இந்தப் பக்கம் நீங்க இப்ப இருக்கிற மாதிரியே இருக்கலாம். மாறவே மாறாது," என்று ஆரம்பிப்பாள். "அந்தப் பக்கம் ஒரு வைத்தியம். மஞ்சள் விழுந்தா நல்லாயிடும். நீலம் விழுந்தா இருக்கிறதும் போயிடும். எவ்வளவு நீலம் வரைக்கும் பொறுப்பீங்க?"

"ஏம்மா, ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டு உள்ள சூதாட்ட கிளப்பா நடத்தறீங்க?" என்றார் ஒரு தடவை சிறுநீரகக்காரர் ஒருவர். டாக்ஸி ஓட்டுகிறவர்.

"கிளப்புன்னா டீ குடுப்பாங்கங்க. இங்க தண்ணி மட்டும்தான்."

அவர் சிரித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். சிரித்தவர்கள் ஒழுங்காகப் பதில் சொல்வார்கள் என்பது அவள் அனுபவம். வட்டத்தை மெதுவாகத் திருப்பிக்கொண்டே போவாள். ஓரிடத்தில் அவர்கள், "இதுக்கு மேல வேணாம்மா, இப்ப ரெண்டும் ஒண்ணுதான்" என்பார்கள். அந்த இடம்தான் அவளுக்கு வேண்டும். ஒரு மனிதர் தன் நோயை எவ்வளவு பெரிதாக நினைக்கிறார் என்பது அந்த எண்ணில் இருக்கிறது. மேலே உட்கார்ந்திருக்கும் பேராசிரியர்கள் அதை வைத்துச் சமன்பாடு போடுவார்கள், எந்த வைத்தியத்துக்கு முன்னுரிமை என்று அறிக்கை எழுதுவார்கள்.

கணக்கில் பட்டம் வாங்கியவள். சமன்பாட்டை அவர்களைவிட நன்றாகவே அறிவாள். பிரிவுக்குப் புதிதாக யாராவது வந்தால் பலகையில் ஒரு கோடு வரைந்து காட்டுவாள். நடுவில் ஒரு புள்ளி. அது ஆள் நிற்கிற இடம். வலப்பக்கம் கிடைப்பது: கோடு ஏறும், ஆனால் போகப்போக மூச்சு வாங்கும். இடப்பக்கம் இழப்பது: அங்கே கோடு ஏறின மாதிரி இறங்காது, கிணற்றுக்குள் விழுகிற மாதிரி இறங்கும். ஒரு மடங்கு இழப்பைச் சரிக்கட்ட ஏறக்குறைய இரண்டு மடங்கு லாபம் காட்டவேண்டியிருக்கும் என்பதை அவள் தன் தாள்களிலேயே பார்த்திருக்கிறாள். ஏற்கெனவே இழந்துவிட்டதாக நினைக்கிறவர், அதைத் திரும்பப் பெற எந்த ஆபத்துக்கும் துணிவார். கையில் ஏதோ இருப்பதாக நினைக்கிறவர் அதே ஆபத்தைத் தொடமாட்டார். நோய் ஒன்று, வைத்தியம் ஒன்று, எண் மட்டும் வேறு. "எல்லாம் இந்தப் புள்ளிய எங்க வைக்கறாங்கங்கறதுலதான் இருக்கு," என்பாள். "அதை நாம வைக்கக்கூடாது. அவங்கதான் வைக்கணும்."

அதற்காகவே நான்கு பக்கம் விதி எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். அவள் ஓய்வு பெற்றுப் போன இப்போதும் அது அதே சுவரில், ஓரம் சுருண்டு, இருக்கிறது. ஒரு தடவை முழு மஞ்சளில் ஆரம்பித்து இறங்க வேண்டும், இன்னொரு தடவை முழு நீலத்தில் ஆரம்பித்து ஏற வேண்டும்; இல்லாவிட்டால் பதில் தொடங்கின இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். நோயாளி வட்டத்தைப் பார்க்க வேண்டும், கேட்கிறவர் முகத்தைப் பார்க்கக்கூடாது; ஆகவே எதிரே உட்காராதே, பக்கவாட்டில் உட்கார். 'இப்போது இருப்பது' என்ற அட்டையை நோயாளியே தன் சொல்லில் எழுத வேண்டும். உன் சொந்தக்காரர்களிடம் நீ இந்தக் கேள்வியைக் கேட்காதே.

இந்த நான்கு விதிகளையும் அவள் ஒரே ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் மீறினாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பழைய கட்டடங்களில் கூரைக்குக் கீழே இருக்கும் இயந்திர அறைகளில் முப்பது வருடம் வேலை செய்தவர். மோட்டார் பக்கத்தில் நின்றாலே போதும், எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று பேர். இடது காது முப்பத்தைந்து வயதிலேயே போய்விட்டது. வலது காதுக்குள் ஓர் எலும்பு இறுகிக்கொண்டு வந்தது. கருவி மாட்டிக்கொண்டார், பிறகு பெரிய கருவி மாட்டிக்கொண்டார். இந்தத் தடவை காது டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டுக் கருவிப் பேச்சே எடுக்கவில்லை.

"ஆபரேஷன் பண்ணலாம். நூறு பேருக்குப் பண்ணா எண்பத்தெட்டு பேருக்கு நல்லா கேட்குது. பன்னெண்டு பேருக்கு இருக்கிறதும் போயிடுது," என்றார். "இவருக்கு இருக்கிறதே ஒரு காது. அதனால பண்ணுங்கன்னும் சொல்ல மாட்டேன், வேணாம்னும் சொல்ல மாட்டேன். ஆறு மாசம் விட்டா அப்புறம் பண்ணியும் பிரயோஜனம் இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

படியிறங்கும்போது அவள் தன்னையே கவனித்தாள். டாக்டர் நல்ல எண்ணை முதலில் சொன்னார். அவள் மனதில் நின்றதோ பன்னிரண்டு மட்டும்தான். 'பார், அந்தக் கோடு வேலை செய்யுது' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டதால் ஒன்றும் குறையவில்லை.

அவள் பயம் என்னவென்று அவளுக்கு நன்றாகவே தெரியும். கல்யாணமான நாளிலிருந்து தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, கைகால் கழுவி, சமையலறை மேசையில் உட்கார்ந்து, அன்றைய கதையை எல்லாம் அவரிடம் கொட்டுவாள். யார் என்ன சொன்னார், யார் வட்டத்தைப் பிடுங்கித் தானே திருப்பினார், யார் அழுதார். அவர் தாடையில் கை வைத்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்பார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பார். அவர் காதில் போடாத நாள் அவளுக்கு நடக்காத நாள் மாதிரி. பன்னிரண்டு விழுந்தால் அது போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தானாகவே சொன்னார். "ஊருக்கெல்லாம் கேக்கறியே, எனக்கும் அந்தச் சக்கரத்தைச் சுத்திக் காட்டேன்."

அவளுக்கு அது நல்ல யோசனையாகத் தோன்றியது. பையிலிருந்து வட்டத்தை எடுத்தாள். பழக்க தோஷத்தில் அலுவலக ஃபாரம் ஒன்றையும் எடுத்தாள். 'இப்போது இருப்பது' அட்டையை அவளே எழுதினாள்: "கொஞ்சம் கேட்கும். கருவி போட்டால் மனைவி பேசுவது கேட்கும். மோட்டார் சத்தம் தெரியும்." அவருக்குக் கேட்க வேண்டுமே என்று எதிரில் உட்கார்ந்தாள். முழு மஞ்சளில் ஆரம்பித்து, நீலத்தை ஒவ்வொரு கோடாக வளர்த்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கில் அவர் கையைத் தூக்கினார்.

"போதும். இதுக்கு மேல வேணாம்."

"நல்லா யோசிச்சுத்தான சொல்றீங்க?"

"ம்."

டாக்டர் சொன்னது பன்னிரண்டு. இவர் பொறுப்பது நான்கு. கணக்கு முடிந்தது. ஆபரேஷன் வேண்டாம். ஏறிப் பார்க்கிற இரண்டாம் சுற்றை அவள் எடுக்கவேயில்லை. அவளுக்கு மனம் லேசாகிவிட்டது. மத்தியானம் படுத்து ஒரு மணி நேரம் தூங்கினாள். பகல் தூக்கம் என்பது அவள் அகராதியில் இல்லாதது.

செவ்வாய்க்கிழமை அந்த ஃபாரம் மற்ற ஃபாரங்களோடு கலந்து புள்ளியின் கைக்குப் போய்விட்டது. புள்ளி என்பது பிரிவில் உடன் வேலை செய்கிறவளின் பட்டப்பெயர். வருகிற எண்களை எல்லாம் கணினியில் ஏற்றி, படத்தில் புள்ளிகளாக மாற்றுவது அவள் வேலை. அவளும் பதினைந்து வருடமாக இருக்கிறவள்தான். வாய் மட்டும் நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்த மாதிரி துறுதுறுவென்று இருக்கும்.

"அக்கா, இது யாரு? நோயாளி எண்ணே இல்லாம வந்திருக்கு."

"குடு இங்க. அது வீட்டுது."

"வீட்டுதா! மாமாவா? நாலுலயா நிறுத்தினாரு? ஒத்தக் கம்பியில பதினோரு மாடிக்கு மேல தொங்கற மனுஷன், நாலுலயா?"

"வயசாகுதுல்ல."

"ஏறுற சுத்து எங்க? இறங்குறது மட்டும்தான் இருக்கு."

"ஞாயித்துக்கிழமைடி. அவருக்குப் பொறுமை இல்ல."

"அவருக்கா, உங்களுக்கா?" என்றாள் புள்ளி. பிறகு ஃபாரத்தோடு குத்தியிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "இதை யாரு எழுதினது? 'மனைவி பேசுவது கேட்கும்.' எந்தப் புருஷன்க்கா தன் காதைப் பத்தி எழுதும்போது அதைப் போய் எழுதுவான்? எங்க வீட்டு ஆளா இருந்தா அதைத்தான் வியாதின்னு எழுதியிருப்பாரு."

வழக்கமாக இதற்கு அவள் சிரித்திருப்பாள். இப்போது சிரிப்பு வரவில்லை. புள்ளியும் அதைக் கவனித்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

"அக்கா, சுவத்துல இருக்கிறது நீங்க எழுதினது. வேற யாராவது இப்படி ஒரு தாளைக் கொண்டுவந்தா கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி பண்ணச் சொல்லுவீங்க."

அவள் தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அன்று கேட்ட ஏழு நோயாளிகளின் பெயரும் அவளுக்கு நினைவில் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கதையும் சொல்லவில்லை. வெற்று அட்டை ஒன்றையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள். "நீங்களே எழுதுங்க. இப்ப எப்படி இருக்கு, அவ்வளவுதான்" என்றாள்.

அவர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எதுக்கு? அன்னிக்கே முடிஞ்சுதே" என்றார். அவள் பாத்திரம் கழுவப் போனாள். ஒரு அட்டைக்கு அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரும்பினால் அட்டை மேசைமேல் இருந்தது, அவர் பால்கனியில் நின்றுகொண்டிருந்தார்.

வேலைப் பதிவேடு எழுதுகிற அதே நேரான எழுத்து.

"வலது காதில் இரைச்சல் மட்டும். யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும். என்ன பேச்சு என்று தெரியாது. போன மழைக்காலத்திலிருந்து இப்படி. மோட்டாரைக் கை வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன். அவள் பேசும்போது உதட்டைப் பார்த்துக்கொள்கிறேன். பாதி பிடிபடும். சிரிக்க வேண்டிய இடம் அவள் முகத்திலேயே தெரியும்."

முதலில் கோபம்தான் வந்தது. பால்கனிக்குப் போய் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஒரு வருஷமா?"

அவர் அவள் உதட்டைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அவர் பார்ப்பது முகத்தையல்ல, உதட்டை என்பது அவளுக்குத் தெரிந்தது.

"சொல்லியிருந்தா நீ நிறுத்தியிருப்ப," என்றார்.

"எதை?"

"பேசறத. மொதல்ல கத்திக் கத்திச் சொல்லுவ. அப்புறம் அலுத்துப்போயி, ஒண்ணுமில்ல விடுங்கன்னுடுவ. எங்கம்மா எங்கப்பாகிட்ட அப்படித்தான் ஆனாங்க. கடைசியில சாப்பாடு ரெடின்னு தட்டத் தட்டிக் காட்டறதோட சரி."

"அப்ப ஞாயித்துக்கிழமை சொன்னது?"

"உன் மூஞ்சியப் பார்த்துட்டே இருந்தேன். நாலுகிட்ட வந்தப்ப உன் புருவம் நெரிஞ்சுது. சரி, இவளுக்கு இதுக்கு மேல தாங்காதுன்னு நிறுத்தினேன்."

அவள் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். நான்கு என்பது அவர் எண் அல்ல. அவள் எண். தன் முகத்தில் தெரிந்த பயத்தை அளந்து, அவர் பேரில் எழுதியிருக்கிறாள். அதைவிட மோசம் ஒன்று இருந்தது. எதை இழந்துவிடுவோமோ என்று அந்தப் புள்ளியை வைத்தாளோ, அது அங்கே இல்லவேயில்லை. ஒரு வருடமாக இல்லை. டாக்ஸிக்காரர் கதை, வட்டத்தைப் பிடுங்கின கிழவி கதை எல்லாம் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. இல்லாத ஒன்றைக் காப்பாற்ற, மிச்சமிருந்த ஒரே வழியை அடைக்கப் பார்த்திருக்கிறாள். அவரும் லேசுப்பட்டவர் அல்ல. அவள் பேச்சு போய்விடக்கூடாது என்று தன் காதையே மறைத்துவைத்தவர். ஒரே மேசையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு கிணற்றைப் பார்த்துப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் புள்ளி வீட்டுக்கு வந்தாள். வந்ததும் முதல் வேலையாக, "அக்கா, சொந்தக்காரங்க வெளிய" என்று சமையலறையைக் காட்டினாள்.

புள்ளி கேள்வியை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதிக் காட்டினாள் போலிருக்கிறது. சமையலறைக்கு அவர் குரல் மட்டும் வந்தது. காது கேளாதவர்களுக்கு வருமே, அந்த உரத்த குரல். இத்தனை நாள் அதையும் அவள் கவனித்திருக்கவில்லை.

"ம்... ஆமா, முழு நீலம்னா மாட்டேன்... நீலத்தைக் கொறைம்மா... இன்னும்... உன் பேனா எழுதல, வேற எடு... கொறை..."

அவள் கழுவின டம்ளரையே மறுபடியும் கழுவினாள்.

"இப்ப இருக்கிறது எனக்குப் பெருசா ஒண்ணும் இல்லம்மா. அது போச்சுன்னா இரைச்சல் போகும், அவ்வளவுதான். நிறுத்து. இங்க."

ஏறுகிற சுற்றிலும் இறங்குகிற சுற்றிலும் ஏறக்குறைய ஒரே இடம். முப்பத்தைந்து நீலம். புள்ளி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே எண்ணைச் சொன்னாள். இந்தத் தடவை கிண்டல் எதுவும் இல்லை. "நல்லா யோசிச்சுத்தான்க்கா சொன்னாரு. என் மூஞ்சியப் பார்க்கவேயில்ல."

வெள்ளிக்கிழமை காலை டாக்டரிடம் சரி என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு அவள் ஓய்வு பெறும்வரை, 'இப்போது இருப்பது' அட்டையை நோயாளி எழுதி முடிக்கும்வரை அறையைவிட்டு வெளியே போய் நிற்பது வழக்கமாயிற்று. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "உள்ள காத்து இல்ல" என்பாள்.

ஆபரேஷன் முடிந்து பத்து நாள் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். கேட்கிறதா என்று சோதிக்கிற கண்ணாடி அறையில் அவரை உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். அவள் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். உள்ளே அவர் கட்டைவிரல் பொத்தான்மேல் தயாராக இருந்தது. வெளியே உட்கார்ந்திருந்த பெண் ஒவ்வொரு குமிழாகத் திருகிக்கொண்டே போனாள். கடைசிக் குமிழ்வரை திருகினாள். விரல் அசையவில்லை.

டாக்டர் நாற்காலியை இழுத்து அவருக்கு நேராக உட்கார்ந்து, மெதுவாக, வருத்தமாகச் சொன்னார். அவர் உதட்டைப் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

"பரவால்ல டாக்டர். அந்தப் பன்னெண்டுலயும் ஆள் வேணும்ல."

நல்ல முடிவு வேறு, நல்லபடியாக முடிவது வேறு என்று அவள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டையும் குழப்பக்கூடாது என்று விதியில்கூட எழுதியிருக்கிறாள். பேருந்தில் வரும்போது அதைத் தனக்கும் சொல்லிப் பார்த்தாள். உண்மைதான். ஆனாலும் பாதி வழி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவர் அவள் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனதும், பழக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு விளக்கைப் போட்டபடியே என்னவோ சொன்னாள். அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"என்ன சொன்ன? எனக்குத் தெரியல. இப்படித் திரும்பிச் சொல்லு."

திரும்பிச் சொன்னாள்.

"வேகமாச் சொல்ற. மறுபடி."

மறுபடி சொன்னாள். உதட்டைப் பெரிதாகத் திறந்து, ஒவ்வோர் எழுத்தாக. அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். தெரியாததைத் தெரிந்த மாதிரி தலையாட்டவில்லை.

"இன்னொரு தடவை."

மூன்றாவது தடவையில் பிடிபட்டது. பால் வாங்க மறந்துவிட்டாள், அதுதான் விஷயம்.

"இதுக்கா மூணு தடவை கேட்டேன்!" என்றார் உரத்த குரலில். அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும். பிறகு சட்டைப் பையைத் தட்டிச் சில்லறை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கழற்றின செருப்பை மறுபடியும் மாட்டினார். "இரு, வாங்கிட்டு வரேன். வந்ததும் அந்தக் கண்ணாடி ரூம் பொண்ணு என்ன சொல்லிச்சுன்னு மொதல்லேந்து சொல்லு. நான் ஒண்ணும் புரிஞ்சுக்கல."